வீட்டில் ஒருவர், அமைதி

என் மனைவி செண்பகவல்லி இருந்தவரை இதை எழுத எனக்கு வழியில்லை. அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் இனி எதையும் யாரிடமிருந்தும் மறைக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரில் நெட் விட்டு விட்டு வந்ததுதான் தொடக்கம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, பாளையங்கோட்டையில் இதே மூன்றாம் மாடி வீட்டில். அப்போது நான் ஒரு பாடநூல் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கங்கள் திரையில் வரும், பிழையைத் திருத்தினால் அங்கேயே பதிவாகிவிடும். ஒரு வரியின் நடுவில் திரை உறைந்து வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். நாற்பது விநாடி சுற்றும். பிறகு எதுவும் நடக்காததுபோல் வேலை செய்யும். பதினோரு நிமிடம் கழித்து மறுபடியும் அதேதான். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒரு விநாடி பிசகவில்லை.

எல்லோரும் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். ரவுட்டரை அணைத்து முப்பது விநாடி விட்டு மறுபடி போட்டேன். கம்ப்யூட்டரில் அந்த இணைப்பை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகக் கடவுச்சொல் கொடுத்துச் சேர்த்தேன். இடையில் நின்ற இரும்பு பீரோ அலையைத் தடுக்கிறது என்று யாரோ சொன்னதால், மகனும் நானும் அதை இழுத்து எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனோம். தரையில் இரண்டு கோடு விழுந்ததுதான் மிச்சம். நெட் வரவில்லையென்றால் நாலு புத்தகம் படியுங்கள், மனிதர்கள் முன்பெல்லாம் அப்படித்தானே இருந்தார்கள் என்றாள் செண்பகம்.

கடைசியில் மகன் ஒரு ஒயரைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரை ரவுட்டரோடு நேராக இணைத்தான். இரண்டு மணி நேரம் பார்த்தோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்படியென்றால் வெளியிலிருந்து வரும் நெட்டில் கோளாறு இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை, வீட்டுக்குள் அலையில்தான் ஏதோ நடக்கிறது என்றான்.

வீட்டுக்குள் அலை என்ன செய்கிறது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அன்று அது கொஞ்சம் புதிது. எனக்கு அதை விளங்க வைத்தவனும் அவன்தான்.

"அலை எல்லாத்துலயும் பட்டுத் திரும்புதுல்லா யப்பா. சுவர், பீரோ, நம்ம உடம்பு எல்லாத்துலயும். மூச்சு விட்டா நெஞ்சு கொஞ்சம் ஏறி இறங்குது, அது கூட அதுக்குத் தெரியும். ஒவ்வொருத்தர் மூச்சும் நடையும் ஒவ்வொரு மாதிரி. கொஞ்ச நாள்ல ஆளைப் படிச்சிக்கிடும்."

அவனுக்காகத்தான் அந்த ரவுட்டரை வாங்கினோம். பதிமூன்று வயதில் அவனுக்கு வலிப்பு வந்தது. அடுத்த வருடம் இதை மாட்டினோம். இரண்டு முறை, நாங்கள் பக்கத்து அறையில் இருந்தும் அறியாதபோது, அதுதான் சத்தம் போட்டு, தானாகவே ஆம்புலன்சையும் கூப்பிட்டது. அந்த இரண்டு முறையும் அது இல்லாவிட்டால் அவன் இல்லை. எனவே அதைப் பற்றி இங்கே நான் எழுதுவதெல்லாம் நன்றி கெட்ட பேச்சாகத் தோன்றலாம்.

ஆனால் அது அவனை விடவே இல்லை. குளியலறையில் பத்து நிமிடம் தாண்டினால் நலமா என்று கேட்கும். நெஞ்சு வேகமாக அடித்தால் அம்மாவின் போனுக்குச் செய்தி போகும். ஒரு நாள் மாலை அவன் அறைக்குள் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தபோது 'படபடப்பு' என்று செய்தி வர, செண்பகம் சொம்பில் தண்ணீரோடு ஓடினாள். கதவைத் திறந்தால் அவன் சிவந்த முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

"யாருகூடல பேசிட்டிருந்த?" என்றாள்.

"நீதான் சொல்லணும். ஒனக்குத்தான எல்லாம் வருது" என்றான்.

மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

எங்கள் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களில் மூத்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர். என் தாத்தா நல்லபெருமாள், என் அப்பா ந. பூதலிங்கம், நான் பூ. நல்லபெருமாள். என் மகன் மறுபடியும் ந. பூதலிங்கம். தலைப்பெழுத்து உட்பட அச்சு அசலாக அதே பெயர். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று செண்பகம் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டாள். கல்லூரியில் பூதம் என்றார்கள். முழுப் பெயரை ஆஸ்பத்திரியும் ரவுட்டரும் மட்டுமே பயன்படுத்தின.

அவனுக்குப் பதினெட்டு நடக்கும்போது என் அப்பா எங்களோடு வந்து தங்கினார். நடுக்குவாதம். கையும் தாடையும் ஓயாமல் ஆடும். ரவுட்டர் அதை வலிப்பென்று நினைத்து ஒரு நாளில் முப்பது தடவை கத்தியது. 'இந்த நடுக்கம் இவருக்கு வழக்கமானதா?' என்று ஒரு கேள்வி வந்தது. ஆம் என்று அழுத்தினேன். வீடு அமைதியானது. கடைசி மாதத்தில், இனி பெரியவரை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்று டாக்டரே சொன்னார். அதற்கும் அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. மூச்சு அடங்கினால் சைரன் வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று குடும்பமே கேட்டுக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டேன். ஆனால் ஒரு நாள் அவருக்குச் சளி கட்டித் திணறியபோது எனக்கு மனம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கேயே இறந்தார். வீட்டுக்குக் கொண்டுவராமல், ஊரிலிருந்த எங்கள் பழைய வீட்டுக்கு எடுத்துப்போய் அங்கிருந்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம்.

நெட் நிற்க ஆரம்பித்தது அதற்கு எட்டு மாதம் கழித்து.

ரவுட்டர் கம்பெனிக்குப் போன் செய்ததில் எஸ்தர் என்றொரு பெண் எடுத்தாள். நாசரேத்துப் பக்கத்துக் குரல். பொறுமையானவள். நான் செய்துபார்த்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள், பீரோவை நகர்த்தியது உட்பட. பிறகு அவள் பக்கமிருந்து கொஞ்ச நேரம் ரவுட்டரைப் பார்த்தாள்.

"சார், உங்க நெட்ல கோளாறு ஒண்ணும் இல்ல. பதினோரு நிமிஷத்துக்கு ஒருக்கா ரவுட்டர் முழு அலையையும் ஒரு தேடலுக்கு எடுத்துக்கிடுது. அந்த நேரம் கம்ப்யூட்டருக்குக் குடுக்க மிச்சம் இல்ல. வீட்ல ஒருத்தரக் காணலியாம்."

யாரை என்று கேட்டேன்.

"ந. பூதலிங்கம்" என்றாள்.

ஸ்பீக்கரில் தன் பெயர் கேட்டு மகன் எட்டிப்பார்த்து, நான் இங்கதான இருக்கேன் என்றான். பிறகு அவன் முகம் மாறியது.

"யப்பா" என்றான். "அது தாத்தாவத் தேடுது."

ஞாபகமறதி வந்து வழி தெரியாமல் போகிற முதியவர்களுக்காக வைத்த வசதியாம் அது. அப்பா கதவு வழியாக வெளியே போனது அதற்குத் தெரியும். திரும்பி வராதது தெரியும். இறந்தது தெரியாது. பொறுத்துப் பார்த்துவிட்டுத் தேட ஆரம்பித்திருக்கிறது. இறப்புச் சான்றிதழை நான் அப்போதே அனுப்பியிருந்தேன். எஸ்தர் அதையும் பார்த்துச் சொன்னாள். 'இப்பெயருள்ளவர் வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறார்' என்று காரணம் எழுதி அது நிராகரித்திருந்தது.

இப்போதே ரவுட்டரிலிருந்து அப்பாவின் பதிவை எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த செண்பகம் கையை நிறுத்தி, மாமா படுத்திருந்த மூலையைப் பார்த்தாள்.

"வருசத் திதி முடியட்டும்ங்க" என்றாள். "அதுவரைக்கும் தேடுனா தேடட்டும்."

நான்கு மாதம் பொறுத்தோம். வட்டம் சுற்றும்போதெல்லாம் அது எங்களைத் துளைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போகிறது என்று எனக்குத் தோன்றும். உடம்பில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அந்த நாற்பது விநாடி யாரும் பேசமாட்டோம். ஒரு தடவை செண்பகம் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றிருந்தாள். தோசை கருகியது.

திதி முடிந்த மறுநாள் முற்பகலில் போன் செய்தேன். புகார் எண்ணைச் சொன்னதும் எஸ்தரிடமே போட்டார்கள். இந்தப் பெயரில் இரண்டு பதிவு இருக்கிறது சார், எதை எடுக்க வேண்டும் என்று கேட்டாள். வயது அவளுக்குத் தெரியாது. யாருடைய வயதும் நோயும் ஊழியர்கள் கண்ணில் படக் கூடாது என்பது சட்டம்.

"பழையதை எடுத்துருங்கம்மா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சிலிண்டர்காரர் மணி அடித்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மகனிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போனேன். காலி சிலிண்டரை உருட்டிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

"முடிஞ்சிட்டு யப்பா" என்றான்.

பதினோரு நிமிடம் காத்திருந்தோம். வட்டம் வரவில்லை. இன்னொரு பதினோரு நிமிடம் இருந்து பார்த்தோம். வரவே இல்லை. போனில் பார்த்தேன். வீட்டில் மூவர், நலம் என்றது. நல்லபெருமாள், செண்பகவல்லி, பூதலிங்கம். எல்லாம் சரியாக இருந்தது. மனம் கனத்தாலும் வேலை ஓடியது. அன்று நாற்பது பக்கம் பார்த்தேன்.

இருபத்து மூன்று நாள் கழித்துச் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணம். மகனுக்கு மறுவாரம் கடைசிப் பரீட்சை. நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றான். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது செண்பகம் போனை எடுத்துப் பார்த்து என்னிடமும் காட்டினாள். வீட்டில் ஒருவர், நலம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மறுபடி பார்த்தாள். நான்கு மணி இருக்கும். வீட்டில் ஒருவர், அமைதி என்றிருந்தது.

"தூங்குதான் போல" என்றாள். "ராத்திரியெல்லாம் படிச்சான்லா."

எழுப்ப வேண்டாமென்று போன்கூடச் செய்யவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு வாழைப்பழ பஜ்ஜி வாங்கினாள்.

வீட்டில் அவன் எப்படிக் கிடந்தான் என்பதை எழுதப் போவதில்லை. அந்தப் படம் என்னிடம் இருக்கட்டும்.

காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கம்பெனி அலுவலகத்துக்கு எங்களை வரச் சொன்னார்கள். அருள்தாஸ் என்ற பொறியாளர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். தொழிலில் எத்தனையோ ஆயிரம் பக்கங்களைப் படித்திருக்கிறேன். அதில் பிழை ஒன்றும் இல்லை.

'3.42. வழக்கமான நடுக்கம். நடவடிக்கை தேவையில்லை.'

'3.51. மூச்சு குறைகிறது.'

'3.58. மூச்சு நின்றது. குடும்பத்தின் விருப்பப்படி ஒலி எழுப்பப்படவில்லை. நிலை: அமைதி.'

அருள்தாஸ் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பெரியவர் பதிவுக்குப் பதில் பையன் பதிவு போய்விட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் ரவுட்டருக்குத் தெரிந்த ஒரே ந. பூதலிங்கம், அது நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஆள்தான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடையிலும் மூச்சிலும் சாயல் இருக்கும். வீட்டில் பெயரில்லாத ஓர் உடம்பு நடமாடுகிறது, அதே சாயலில். காணாமல் போனவர் கிடைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டது. தேடலை நிறுத்தியது. அதனால்தான் நெட் சரியானது.

"அப்ப அவன் யாருன்னு அதுக்குத் தெரியாமலே போயிட்டா?" என்று செண்பகம் கேட்டாள்.

அந்த மனிதர் சொல்லாமல் விட்டிருக்கலாம். நேர்மையானவர் போலிருக்கிறது, சொன்னார்.

"யாருன்னே தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா. முன்பின் தெரியாத ஆள் துடிச்சாலும் அது கத்தும். இது தெரிஞ்ச ஆள்னு நெனச்சிட்டு."

அன்றிலிருந்து செண்பகத்துக்கு ஒரே எண்ணம்தான். அந்தப் பெண்தான் மாற்றி எடுத்துவிட்டாள். கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தால் தன் பிள்ளை இருந்திருப்பான். எஸ்தரை வேலையிலிருந்து நீக்கியதாகக் கேள்விப்பட்டும் அவளுக்கு ஆறவில்லை, ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். வக்கீல் வைத்தோம். அன்றைய தொலைபேசிப் பேச்சின் பதிவை அவர் கேட்டு வாங்கினார்.

எனக்கோ வேறு பயம். பதிவுகளில் எது பழையது என்பது அதற்குள் என் மண்டையில் உறைத்திருந்தது. மகனுக்காகத்தான் ரவுட்டரையே வாங்கினோம். அப்பா நான்கு வருடம் கழித்து வந்தவர். பழைய பதிவு மகனுடையது. ஆயுள் முழுக்கச் சொல்லைச் சரிபார்த்துச் சோறு தின்ற நான், பழைய ஆளை நினைத்துக்கொண்டு பழையதை எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இதைச் செண்பகத்திடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாரக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு வந்த அன்று அவளால் அதைக் கேட்க முடியவில்லை. அவன் குரல் இருக்கும் என்றாள். நீங்கள் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். நான் அவன் அறையில் உட்கார்ந்து கேட்டேன்.

என் குரல் வந்தது. பழையதை எடுத்துருங்கம்மா. மணிச்சத்தம். நான் எழுந்துபோகும் சத்தம். அதற்குப் பிறகு அவன்.

"மேடம், ஒரு நிமிஷம். முதல்ல இருக்கிறது எந்த வருஷம் போட்ட பதிவு?"

எஸ்தர் வருடத்தைச் சொன்னாள்.

"அப்ப அது என்னோடது."

"ஐயோ, அப்ப ரெண்டாவது பதிவ எடுக்கட்டுமா சார்?"

கதவுப்பக்கம் நான் சிலிண்டர்காரரிடம் பேசுவது தூரத்தில் கேட்டது.

"வேண்டாம். அப்பா சொன்னதையே எடுத்துருங்க."

"அப்புறம் உங்கள அது பார்க்காதே சார்."

"பார்க்க வேண்டாம் மேடம். ஏழு வருஷமா என் மூச்ச எண்ணிட்டிருக்கு. ரெண்டு வருஷமா எனக்கு ஒண்ணுமே வரல. கொஞ்ச நாள் யாரும் பார்க்காம இருந்து பாக்கேன்."

வீட்டில் சொல்லிவிடுங்கள் சார் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். பரீட்சை முடியட்டும், நானே சொல்லுதேன் என்றான். தாத்தா பதிவு பிறகு தேடத்தானே செய்யும் என்று அவள் கேட்டதற்கு, தேடட்டும் மேடம், நெட்டு நின்னா எங்கப்பா மறுபடி உங்களுக்குத்தான் போன் பண்ணுவாரு என்றான். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

சமையலறையில் அவள் ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தாள். வழியெல்லாம் யோசித்தேன், வழி என்றாலும் பத்தடிதான். இரண்டு உண்மைகளில் ஒன்றை அவளிடம் கொடுத்தேன்.

"அந்தப் பிள்ள மேல தப்பில்ல. நான்தான் பழையத எடுன்னு சொல்லியிருக்கேன். பழசுன்னா அது தம்பியோடது. நான் அப்பாவ நெனச்சுச் சொன்னேன்."

"ஊருக்கெல்லாம் ஒத்த எழுத்து தப்பா இருந்தா கண்டுபிடிப்பீங்களே" என்றாள்.

அதற்குமேல் திட்டவில்லை. வழக்கை விட்டுவிடச் சொன்னாள். பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு, திரும்பாமல் கேட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா? தன்னோடதத்தான் எடுத்திருக்குன்னு."

"தெரியாது" என்றேன்.

"வலிப்பு வாறதுக்கு அரை நிமிஷம் முன்னாடியே தெரிஞ்சிரும்னு சொல்லுவான். ஏதோ கருகுற வாடை வரும்னு. தெரிஞ்சதும் கீழ படுத்துக்கிடுவானாம்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப அன்னைக்கும் அது பாத்துட்டிருக்குன்னுதான் நெனச்சிருப்பான். யாராவது வருவாங்கன்னு. பயந்திருக்க மாட்டான், இல்லங்க?"

"பயந்திருக்க மாட்டான்" என்றேன்.